எழுத்தின் உடையும் பொருளும்

கட்டுரை எழுதுவோர் காகிதத்தில் எழுதிக் கொடுத்த காலத்தில், பத்திராதிபர் அதன் ஓரத்தில் சில குறிகளை இடுவார். இது தலைப்பு, இது புதுப்பத்தி என்று அக்குறிகள் சொல்லும். அவற்றைக் கண்டே அச்சுக்கோப்பவர் எழுத்தைக் கோப்பார். குறி அச்சில் வாராது. ஆயினும் குறியின்றி அச்சில்லை.

கம்ப்யூட்டர் வந்த பின்னர் அக்குறிகள் அதனுள்ளும் புகுந்தன. 'இதைத் தடித்த எழுத்தாக்கு', 'இங்கே இத்தனை இடம் விடு' என்று தோற்றத்தையே முதலில் கட்டளையிட்டு வந்தனர். 1969-ல் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த கோல்ட்பார்ப், மோஷர், லோரி என்னும் மூவர் வேறு வழி கண்டனர். 'இது பெரிய எழுத்து' என்னாமல், 'இது தலைப்பு' என்று பொருளைக் குறிப்பதே அவர்கள் முறை. அம்மூவர் பெயரின் முதலெழுத்துக்களாலேயே அம்முறை ஜி.எம்.எல். எனப்பட்டது. அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986-ல் சர்வதேச நியமமாயிற்று. ஜினீவா நகரையடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலைப்பக்கங்களுக்கென வகுத்த எச்.டி.எம்.எல். அக்குடும்பத்தின் பிள்ளையே.

அமெரிக்காவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலோ 1974-ல் 'பிராவோ' என்னும் எழுதுகருவி பிறந்தது. திரையில் காண்பது எதுவோ அதுவே காகிதத்திலும் வரும் என்பது அதன் சிறப்பு. 2000-த்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 அவ்வசதியை வலைப்பக்கத்திற்கும் கொணர்ந்தது. இன்று வலைத்தளங்களில் நாம் கட்டுரை எழுதும் 'ரிச் டெக்ஸ்ட்' பெட்டி இவ்வாறு வளர்ந்ததே.

குறிமொழி கல்லாதவனும் எழுதலாம் என்றாக்கிய இப்பெட்டி மக்களுக்குச் செய்த உபகாரம் பெரிது. எழுத்துரிமை சிலருடைய தனிச்சொத்தாக இருத்தல் கூடாதன்றோ? ஆயினும் அதில் ஓர் ஏமாற்றம் மறைந்துள்ளது. தலைப்பைத் தலைப்பென்று குறியாமல், எழுத்தைத் தடிப்பாக்கிவிட்டு ஓய்கிறோம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கண்ணிழந்த தோழருக்கோ அப்படியன்று. அவருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவி, தலைப்பென்று குறித்தவற்றையே தலைப்பென்று அறிவிக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவவும் விடும். வெறுந் தடித்த எழுத்து அதற்குத் தலைப்பாகாது. குறியில்லாத பக்கம் அவருக்கு வாயிலற்ற வீடாகிறது.

நம் சங்கங்களின் வலைத்தளங்களை நடத்தும் இளைஞர்காள்! உடையைக் கண்டு ஆளை மதிப்பது தவறென்கிறோம். எழுத்திற்கும் அந்நீதியே பொருந்தும். பெட்டியின் மேலுள்ள 'தலைப்பு' என்னும் பொத்தானை அழுத்த ஒரு கணம் போதும். அந்த ஒரு கணத்தால், பாராதவரும் நம்மோடு சமமாகப் படிப்பர்.