சால்ட் லேக்: நீர்ப்பரப்பு மனைநிலமான வரலாறும் நில உரிமையும்

தோற்றுவாய்

நிலம் கைமாறும்போது அதன் பரப்பும் விலையும் பேசப்படுகின்றன. அந்நிலம் ஆவணத்தில் எப்பெயரால் குறிக்கப்பட்டிருந்தது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஆயினும், இழப்பீடு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை அப்பெயரே பெரிதும் முடிவு செய்கிறது. கொல்கத்தாவின் கிழக்கெல்லையில் அமைந்த சால்ட் லேக் நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

உப்பங்கழியும் பேரியும்

இப்பகுதி முற்காலத்தில் வித்யாதரி ஆற்றின் வழியே கடலோதம் ஏறியிறங்கிய உப்பங்கழியாக இருந்தது. ஆறு படிப்படியாகத் தூர்ந்து, 1928இல் செயலற்றதாக அறிவிக்கப்பட்டது. ஓதநீரின் வரவு குன்றவே உவர்ப்பும் குறைந்தது. 1930களில் நகரின் கழிவுநீரை ஆழமற்ற குளங்களில் தேக்கி, வெயிலில் தெளியவிட்டு, அதில் மீன் வளர்க்கும் முறை இங்குப் பரவிற்று. கரைகட்டிய இம்மீன்குளங்களை வங்காளிகள் 'பேரி' என வழங்குவர். கழிவுநீரில் பெருகும் நுண்பாசிகள் மீனுக்கு இரையாயின, நீரும் தூய்மையுற்றது. நகரின் கழிவு நகரின் உணவாகத் திரும்பிய இவ்வமைப்பைக் கட்டிக்காத்தவர்கள் மீனவர்களே. எனினும், பேரிகளின் உடைமை சிலரிடமும் உழைப்பு பலரிடமும் இருந்தது என்பது நோக்கத்தக்கது.

சட்டத்தின் பார்வை

மேற்கு வங்கத்தில் 1953ஆம் ஆண்டின் நிலவுடைமை கையகச் சட்டம் ஜமீன்தார் முதலிய இடைத்தரகர்களின் உரிமையை நீக்கிற்று. ஆனால் மீன்வளர்ப்புக் குளங்களை அவர்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என அச்சட்டம் விலக்களித்தது. 1955ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டமும் தொடக்கத்தில் வேளாண்மை நிலத்தையே முதன்மையாகக் கருதிற்று. குளமும் மீன்பண்ணையும் 'நிலம்' என்னும் வரையறைக்குள் வந்தது 1981ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான். அதற்குள் சால்ட் லேக்கின் நீர்ப்பரப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

மணல் நிரப்பிய நகரம்

1947இல் நிகழ்ந்த நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கத்திலிருந்து மக்கள் பெருந்திரளாகக் கொல்கத்தாவுக்கு வந்தனர். வீட்டு நெருக்கடியைத் தீர்க்கும் பொருட்டு அன்றைய முதலமைச்சர் பிதான் சந்திர ராய் புதிய நகர் ஒன்றைத் திட்டமிட்டார். நிலம் சீர்செய்யும் பணி யூகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நகரமைப்பை அந்நாட்டவரான டோப்ரிவோயே டோஷ்கோவிச் வகுத்தார். 1962ஆம் ஆண்டு ஏப்ரலில் பணி தொடங்கிற்று. ஹூக்ளி ஆற்றின் மணலும் வண்டலும் நீருடன் கலந்து குழாய் வழியே செலுத்தப்பட்டு, நீர்ப்பரப்பு மேடாக்கப்பட்டது. ராய் அவ்வாண்டு ஜூலையில் மறைந்தார். நகர் பின்னர் அவர் பெயரால் பிதான்நகர் எனப்பட்டது. மனைகள் 999 ஆண்டுக் குத்தகைக்கு வழங்கப்பட்டன.

இத்திட்டம் வஞ்சத்தால் நிகழ்ந்த நிலப்பறிப்பு அன்று. ஒரு பொதுத்தேவையை நோக்கி அரசு சட்டப்படி செய்த செயலேயாகும். எனினும், மீன்வளர்ப்பால் வாழ்ந்தோர் இடம்பெயர்ந்தனர். நிலம் கையகப்படுத்தும் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு பெறுவதற்கு நிலத்தில் உரிமை இருத்தல் வேண்டும். கூலிக்கு வலையிழுத்தவருக்குக் காட்டுவதற்குப் பட்டா இல்லை. வீடு பெற்றோருக்கு ஆயிரமாண்டை நெருங்கும் உரிமையும், நீரை இழந்தோருக்கு ஓராண்டு உரிமையும் இன்மையும் ஒரே திட்டத்தின் இரு விளைவுகள் எனலாம்.

பதிவும் பதிவின்மையும்

பதிவேட்டின் ஆற்றலை மேற்கு வங்கம் அறியாததன்று. 1978இல் தொடங்கிய 'ஆப்பரேஷன் பர்கா' இயக்கத்தின் வழி, பிறர் நிலத்தைப் பங்குக்கு உழுத பர்காதார்களின் பெயர்கள் பதிவாயின. அவர்களை நிலத்தைவிட்டு அகற்றுவது கடினமாயிற்று. ஆனால், கூலிக்கு உழைப்போர் இவ்வரையறைக்குள் அடங்கார். 2006இல் சிங்கூரில் மோட்டார்த் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டபோது இக்குறை மீண்டும் வெளிப்பட்டது. பதிவு பெறாத பர்காதார்களும் நிலமற்ற கூலிகளும் இழப்பீட்டுக்கு வெளியே நின்றனர். அக்கையகப்படுத்தலை உச்ச நீதிமன்றம் 2016இல் செல்லாததாக்கிற்று.

எஞ்சிய நீர்நிலைகளைக் காத்ததிலும் சொற்களுக்குப் பங்குண்டு. பயனற்ற சதுப்பு எனக் கருதப்பட்ட இப்பரப்பு கழிவுநீரைத் தூய்மை செய்யும் அமைப்பென்பதைச் சூழலியலாளர் துருவஜோதி கோஷ் ஆராய்ந்து நிறுவினார். 'பப்ளிக்' என்னும் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1992இல் இந்நீர்நிலைகளை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுத்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

தமிழகத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. கழுவெளி என வழங்கப்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு, சென்னை நகரம் விரியக் கட்டடங்களாலும் குப்பைமேட்டாலும் சுருங்கிற்று. எஞ்சிய பகுதி 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

நிறைவுரை

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்னும் வரையறையை விரிவாக்கிற்று. கையகப்படுத்துதலுக்கு முன் மூன்றாண்டுகள் வேளாண் கூலியாக உழைத்தோரும், நீர்நிலையைச் சார்ந்து வாழ்ந்த மீனவரும் படகோட்டியரும் அதில் இடம்பெறுகின்றனர். சால்ட் லேக் மீனவருக்கு இச்சொற்கள் அரை நூற்றாண்டு பிந்தி வந்தன. உடைமையோடு உழைப்பும் உரிமைக்கு அடிப்படையாகும் என்பதை ஏற்க ஒரு சட்டத்திற்கு இத்துணைக் காலம் தேவைப்பட்டது. இனி எந்த நீர்ப்பரப்பையும் 'வெற்றிடம்' என்று பதிவேட்டில் எழுதுமுன், அதனால் உயிர் வாழ்வோர் யாவர் என்று கேட்பதே அவ்வரலாறு விட்டுச்சென்ற பாடமாகும்.