விலையும் பொறுமையும்: வீடியோ கேம் கன்சோல்களின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

புதிய கன்சோல் ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம், இத்தனை பணம் கொடுத்து இதை வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் உடன்வருகிறது. அவரவர் ரசனையையும் வசதியையும் பொறுத்தது என்று நாம் இதை எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் வரலாறு இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருந்தது. அவ்விடை அண்மையில் பழுதாகிவிட்டது என்பதே இதை எழுதத் தூண்டியது.

1993 அக்டோபரில் 3டிஓ என்ற கன்சோலை பானாசோனிக் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. விலை ஏறத்தாழ 700 டாலர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸைத் தோற்றுவித்த டிரிப் ஹாக்கின்ஸின் கனவு அது. அவருடைய நிறுவனம் பெட்டியைத் தயாரிக்கவில்லை. தயாரிக்கும் உரிமையைப் பிறருக்கு அளித்தது. விளையாட்டுகளின் உரிமத்தொகை ஹாக்கின்ஸின் நிறுவனத்துக்குப் போனதால், பெட்டி செய்தவர்கள் பெட்டியிலேயே லாபம் காண வேண்டியிருந்தது. பெட்டியைக் குறைந்த லாபத்துக்கோ நட்டத்துக்கோ விற்று, விளையாட்டுகளில் அதை ஈடுகட்டுவதே இத்தொழிலின் வழக்கம். அவ்வழக்கத்துக்கு மாறாகச் சென்ற 3டிஓ 1996இல் நின்றுபோனது.

1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் சேகா தன் சாட்டர்னை 399 டாலருக்கு அறிவித்தது. சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பின்னர் பிளேஸ்டேஷன் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்றது; சாட்டர்ன் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. விலை மட்டுமே இதற்குக் காரணமன்று என்றாலும், விலைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

அதே சோனி அப்பாடத்தை மறந்தது விந்தைதான். 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என இரு விலைகளில் வந்தது. அதே மாதம் நிண்டெண்டோவின் வீ 250 டாலருக்குக் கிடைத்தது. இத்தனைக்கும் சோனி தன் பெட்டியை அடக்கவிலைக்கும் குறைவாகவே விற்றது. அந்நிதியாண்டில் அதன் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் நட்டம் கண்டது. ப்ளூ-ரே படங்கள் பார்க்க விரும்பியவருக்கு அது மலிவு; தனி ப்ளூ-ரே இயக்கி அவ்வாண்டு 1,000 டாலரில் அறிமுகமாகியிருந்தது. விளையாட மட்டும் விரும்பியவரோ காத்திருந்திருக்கலாம். 2009இல் அதன் மெலிந்த வடிவம் 299 டாலருக்கு வந்தது.

2011இல் இது இன்னும் வெளிப்படையாக நிகழ்ந்தது. மார்ச்சில் 250 டாலருக்கு அமெரிக்காவில் வெளியான நிண்டெண்டோ 3டிஎஸ், ஆகஸ்டில் 170 டாலர் ஆனது. முதலில் வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய விளையாட்டுகளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது கன்சோல் வாங்குவோருக்கும் பொருந்திய காலம் அது. சில்லுகள் ஆண்டுதோறும் சிறுத்து மலிந்ததே அப்பொறுமைக்குக் கிடைத்த பலன்.

அக்காலம் முடிந்துவிட்டது. 2020இல் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2022இல் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விலை ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் 550 டாலர் ஆனது. சில்லுகள் முன்போல் மலிவதில்லை. பணவீக்கமும் இறக்குமதி வரியும் சேர்ந்துகொண்டன. காத்திருந்தவர் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது.

அப்படியானால் உடனே வாங்கிவிடுவதா? அதற்கும் நாம் தயங்க வேண்டியிருக்கிறது. பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் நிறுவும் வசதி இருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஏறத்தாழ 1,700 பெட்டிகளை இணைத்து ஒரு மீக்கணினியே அமைத்தது. 2010 ஏப்ரலில் வந்த மென்பொருள் புதுப்பிப்பு அவ்வசதியை நீக்கியது. மறுத்தவர்கள் இணையவழி விளையாட்டை இழந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒன்றின் பகுதி, வாங்கிய பிறகு பறிபோனது. 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யு கருவிகளுக்கான இணையக் கடை மூடப்பட்டது. அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை அதன்பின் எவரும் முறையாக வாங்க இயலவில்லை.

2024 நவம்பரில் வந்தபோது பிளேஸ்டேஷன் 5 ப்ரோவின் விலையும் 700 டாலராகத்தான் இருந்தது. 1993இன் 700 டாலர் 2024இன் கணக்கில் 1,500 டாலரை ஒட்டும். ஆக இது மலிவு என்று வாதிடலாம். ஆனால் 3டிஓவில் வட்டை நுழைக்க இடமிருந்தது. ப்ரோவில் அதைத் தனியே வாங்க வேண்டும். வாங்கிய நூலை நண்பருக்கு இரவல் தந்தும், பழைய புத்தகக் கடையில் விற்றும் பழகிய நாம் பெட்டியின் விலையைப் பார்க்குமுன் கேட்க வேண்டியது இதுதான்: பத்தாண்டுகள் கழித்து இதில் எதுவெல்லாம் நம் கையில் எஞ்சியிருக்கும்?