எண்ணைத் தொடரும் ரசனை: டார்ட்ஸ் ரசிகரும் தமிழகக் கேரமும்

டார்ட்ஸ் பலகையின் விட்டம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். அதில் மதிப்பு மிகுந்த மும்மடங்கு வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர் மட்டுமே. ஆட்டக்காரர் 2.37 மீட்டர் தள்ளி நின்று அதைக் குறிவைக்கிறார். பார்வையாளரோ அதைப் போலப் பல மடங்கு தொலைவில் அமர்ந்திருக்கிறார். லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையில் டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும் உலகச் சாம்பியன் போட்டிக்குச் சீட்டு வாங்கி வருவோரில் பெரும்பாலோருக்கு, அம்பு எங்கே தைத்தது என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் 2024 ஜனவரி 3 அன்று லூக் ஹம்ஃப்ரிஸ், 16 வயது லூக் லிட்லரை 7-4 எனத் தோற்கடித்த இறுதிப் போட்டியைப் பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சியில் உச்ச நேரத்தில் 37 இலட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். கண்ணுக்கு எட்டாத ஓர் ஆட்டம் இத்தனை ரசிகரைச் சேர்த்தது எப்படி என்பது ஆராயத்தக்கது. தமிழகத்துக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு. உலகச் சாம்பியன்களைத் திரும்பத் திரும்பத் தந்திருக்கும் தமிழகக் கேரமுக்கு ஆடுவோர் ஏராளம். ரசிகர் என்று சொல்லத்தக்கவர் மிகச் சிலர்.

விடையின் பெரும்பகுதி டார்ட்ஸின் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொருவரும் 501 புள்ளியில் தொடங்குகின்றனர். ஒரு முறைக்கு மூன்று அம்பு. எடுத்த புள்ளி கழிந்துகொண்டே வரும். சரியாகச் சுழியத்தில் முடிக்க வேண்டும். கடைசி அம்பு இருமடங்கு வளையத்திலோ நடுப்புள்ளியிலோ தைக்க வேண்டும். மூன்று அம்பில் எடுக்கக்கூடிய உச்சம் 180. முடிக்கக்கூடிய உச்சம் 170: இரண்டு மும்மடங்கு இருபது, பிறகு நடுப்புள்ளி. 501-ஐ மிகக் குறைந்த அளவாக ஒன்பது அம்பில் முடிக்கலாம். பலகையில் இருபதுக்கு இருபுறமும் ஒன்றும் ஐந்தும் அமைந்திருப்பதால், பேராசைப்பட்டுச் சற்றே பிசகியவருக்குக் கிடைப்பது அற்பப் புள்ளி. கழித்தல் தெரிந்த எவரும் ஒரே மாலையில் இந்த விதிகளைக் கற்றுவிடலாம்.

ஆனால் தேர்ந்த ரசிகர் இதோடு நிற்பதில்லை. 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய எண்களை மூன்று அம்பில் முடிக்க வழியே இல்லை என்பது அவருக்கு மனப்பாடம். எதிராளி 40-இல் நிற்கும்போது தம் ஆட்டக்காரர் 170-ஐ வைத்துக்கொள்ளாமல் 168-ஐ வைத்துக்கொண்டால், அடுத்த அம்பு எறியப்படுவதற்கு முன்பே அவர் பதறிவிடுகிறார். 32 ஏன் விரும்பப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். இருமடங்கு பதினாறைக் குறிவைத்து உள்ளே விலகி ஒற்றைப் பதினாறில் தைத்தால் மீதி 16. அடுத்து எட்டு, நான்கு, இரண்டு என்று பாதி பாதியாகக் குறைந்தாலும் ஒவ்வொரு படியிலும் முடிக்க ஓர் இருமடங்கு கிடைக்கும். ஆட்டக்காரரின் மனத்துக்குள் ஓடும் திட்டம் இங்கே ரசிகரின் மனத்திலும் அதே வேளையில் ஓடுகிறது. கிரிக்கெட்டில் 12 பந்தில் 23 ஓட்டம் என்று வரும்போது தமிழக வீடுகளில் மூளும் பரபரப்பும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஒருநாள் ஆட்டத்தில் கடைசி அரைமணி நேரத்தில் வருவது, டார்ட்ஸில் சில நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது.

இந்த ரசனை தொலைக்காட்சிக்கு முந்தியது என்பதை வலியுறுத்த வேண்டும். ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ ஞாயிறு இதழ் 1927-இல் தொடங்கிய தனிநபர் போட்டியின் 1939-ஆம் ஆண்டு இறுதியாட்டத்துக்கு லண்டன் வேளாண் மண்டபத்தில் 14,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். பெருந்திரை இல்லாத காலம் அது. பின்வரிசைக்காரர்களை எட்டியது பலகையின் காட்சியாக இருந்திருக்க முடியாது. அறிவிக்கப்பட்ட புள்ளிதான் அவர்களை ஆட்டத்தோடு பிணைத்திருக்க வேண்டும். இன்றும் நடுவர் ஒவ்வொரு முறைக்கும் எடுத்த புள்ளியை உரக்கச் சொல்கிறார். 180 விழுந்தால் அந்தச் சொல்லை நீட்டி முழக்குகிறார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரிப்பது அந்தக் குரலுக்குத்தான். தொலைக்காட்சி செய்தது, இதன்மேல் முகத்தைச் சேர்த்தது. 1970-களில் பிரிட்டனில் பழக்கத்துக்கு வந்த இரட்டைத் திரையில் ஒரு பாதி பலகையைக் காட்டியது, மறு பாதி எறிபவரைக் காட்டியது. எண்ணும் முகமும் அருகருகே நின்றதால் ஆட்டம் நாடகமாயிற்று. 1978-இல் நாட்டிங்ஹாமில் முதல் உலகச் சாம்பியனான லெய்டன் ரீஸ் தொடங்கி, 16 முறை பட்டம் வென்ற ஃபில் டெய்லர் வரை ஒரு நட்சத்திர மரபு உருவானதும் இப்படித்தான்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அலெக்சாண்ட்ரா மாளிகைக் கூட்டம் குடிக்கவும் மாறுவேடம் போடவும் பாடவும் வருகிறதே தவிர ஆட்டம் பார்க்க வருவதில்லை என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேடையில் ஆட்டக்காரர் குடிப்பதும் புகைப்பதும் 1989-இல் நின்றன. கூட்டத்தின் குடி நிற்கவில்லை. 2023-இல் கெர்வின் பிரைஸ், கூச்சல் தாங்காமல் காதுக்கவசம் அணிந்து மேடையேறினார். ஆட்டக்காரரைக் குறிவைத்து ஊளையிடுவது எந்த ரசனையாலும் நியாயப்படுத்த முடியாத செயல். எனினும் அதே கூட்டம்தான் 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக், டெட் எவெட்ஸை வென்று, அந்தப் போட்டியில் ஆணைத் தோற்கடித்த முதல் பெண்ணானபோது ஒவ்வோர் இருமடங்குக்கும் அவரோடு மூச்சைப் பிடித்து நின்றது. வெறும் களியாட்டக் கூட்டமாக இருந்தால், எந்த அம்பு முக்கியம் என்று அதற்குத் தெரிந்திருக்காது.

கேரமுக்கு வருவோம். சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்ட இடம் சென்னை. 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். கேரமுக்காக அர்ஜுனா விருது பெற்றவர். 2008-இல் இளவழகி உலகப் பட்டம் வென்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார். வடசென்னைத் தெருக்களில் கேரம் எவ்வளவு ஊறியது என்பதற்கு 2018-இல் வெற்றிமாறன் இயக்கிய ‘வட சென்னை’ படத்தின் நாயகன் ஒரு கேரம் ஆட்டக்காரன் என்பதே போதும். நுட்பத்தில் இந்த ஆட்டம் டார்ட்ஸுக்குக் கடுகளவும் குறைந்ததன்று. டார்ட்ஸ் பலகை அசைவதில்லை. கேரமில் ஒவ்வோர் அடியும் பலகையின் நிலையையே மாற்றிவிடுகிறது.

சிக்கல் அங்கேதான். கேரமின் அழகு கோணத்தில் இருக்கிறது; எண்ணில் இல்லை. 74 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் தரைக்கு இணையாகக் கிடக்கிறது. ஸ்ட்ரைக்கர் எந்தக் காயினை உரசி எதைத் தள்ளிற்று என்பது பலகையைச் சுற்றிக் குனிந்து நிற்பவருக்குத் தெரியும். பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. ஆட்டம் 25 புள்ளிக்கோ எட்டு போர்டுக்கோ நடந்தாலும், ஒரு போர்டு முடியும்வரை புள்ளி அசைவதில்லை. எதிராளியின் காயின் எத்தனை மீதி, சிவப்புக் காயினான ரெட்டு யார் கையில் என்பதைப் பொறுத்துக் கடைசியில்தான் கணக்கு வருகிறது. இடைப்பட்ட நேரத்தில் நடுவர் சொல்லவும் கூட்டம் பிடித்துக்கொள்ளவும் எண் கிடையாது. தரைக்கு இணையான மேசை மட்டுமே தடையென்று சொல்லவும் முடியாது: ஸ்நூக்கரும் அப்படித்தான். ஆனால் ஸ்நூக்கரில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி ஏறுகிறது, நடுவர் அதைச் சொல்லிக்கொண்டே வருகிறார். கேரம் இழந்தது காட்சியை மட்டும் அன்று, அறிவிப்பையும்தான்.

தமிழகச் சிற்றூர்களின் நிலை இதை இன்னும் தெளிவாக்குகிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒருகாலத்தில் சம்புவராயர் தலைநகராகவும் இன்று ரேணுகாம்பாள் கோயிலின் ஆடி விழாவுக்குப் பேர்போனதாகவும் உள்ள படவேடு போன்ற ஊர்களில், டார்ட்ஸ் ரசிகராக இருப்பவர் அனேகமாகத் தனியாளாகத்தான் இருக்க முடியும். லண்டனில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் அவருக்கு நள்ளிரவு 12.30. கைப்பேசித் திரையே அவருடைய அரங்கம். ஒரு பலகையைக்கூடத் தொட்டிராமலும் அவர் முழு ரசிகராகலாம், ஏனெனில் எண் அந்தச் சிறிய திரையிலும் சேதமில்லாமல் வந்து சேர்கிறது. கேரமின் கதை தலைகீழ். தமிழகமெங்கும் நற்பணி மன்றக் கொட்டகைகளிலும் நடிகர்களின் ரசிகர் மன்றங்களிலும் போரிக் பவுடர் மணக்கக் கேரம் பலகை கிடக்கும். சுற்றி நிற்பவர்கள் ரெட்டுக்கும் ஃபாலோவுக்கும் உயிரைக் கொடுத்து வாதாடுவார்கள். ரசிகர் மன்றத்தில் தினமும் ஆடப்படும் ஆட்டத்துக்கே ஒரு ரசிகர் மன்றம் இல்லை! அந்த வாதாட்டம் கண்ணெதிரே உள்ள பலகையோடு முடிந்துவிடுகிறது. காசிமாவின் பலகைவரை நீள்வதில்லை.

பணமும் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. 2026 உலக டார்ட்ஸ் பட்டத்துக்குப் பரிசு பத்து இலட்சம் பவுண்டு. அந்தப் போட்டியில்தான், 2025 டிசம்பரில், நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை வென்று நிதின் குமார் அங்கே ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியரானார். கேரமில் தேசிய அளவில் ஆடுவோரைத் தாங்குவது ஆயுள் காப்பீட்டுக் கழகம், ரிசர்வ் வங்கி, எண்ணெய் நிறுவனங்கள் போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் தரும் வேலை. அது ஆட்டக்காரருக்குச் சோறு போடுகிறது, பார்வையாளரை உருவாக்குவதில்லை. ஆனால் பணம் முதலில் வந்து ரசிகர் பிறகு வந்தனர் என்பது டார்ட்ஸ் வரலாற்றோடு பொருந்தாது. 1939-இல் மண்டபத்தை நிறைத்தவர்கள் மதுக்கடைகளில் தாமும் அம்பெறிந்த சாதாரண மக்கள். பெருந்தொகைப் பரிசெல்லாம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்தவை.

ஆகவே கேரமுக்கு முதலில் வேண்டியது கேட்கத்தக்க கணக்கு. அதற்கான பொருள் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தொடக்க அடியிலிருந்து எதிராளிக்கு வாய்ப்பே தராமல் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் வீழ்த்தி முடிப்பதை ஒயிட் ஸ்லாம் என்கின்றனர்; அருமையில் அது டார்ட்ஸின் ஒன்பது அம்பு ஆட்டத்தோடு ஒப்பிடத்தக்கது. 1984-இல் ஜான் லோ தொலைக்காட்சியில் முதல்முறையாக ஒன்பது அம்பில் முடித்தபோது, ஆறாவது அம்புக்குப் பிறகு 141 மீதி என்பதும் மூன்றே அம்பில் அது சாத்தியம் என்பதும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். ஒயிட் ஸ்லாமில் ஐந்தாவது காயின் விழுந்தபின் “மீதி நான்கு, ரெட்டு பாக்கி” என்று நடுவர் உரக்கச் சொல்வதற்கும் பலகைக்கு மேலே ஒரு கேமராவைத் தொங்கவிடுவதற்கும் பெருஞ்செலவு ஆகாது. தேசியப் போட்டிகளில் எத்தனை ஸ்லாம் அடிக்கப்பட்டன என்று நாட்டின் கேரம் கூட்டமைப்பு இப்போதும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. அந்தக் கணக்கு போட்டி முடிந்தபின் அறிக்கையில் வருகிறது. ரசிகருக்கு அது வேண்டியது காயின் விழும் வேளையில்.