சாக்கடை, விளக்கு, மாட்டு வண்டி: கோலாலம்பூர் சானிட்டரி போர்டின் அன்றாட வேலைகள்



ரெசிடென்ட் முறை எப்போது வந்தது என்று கேட்டால் நம்ம பிள்ளைகள் யோசிக்காமல் பங்கோர் உடன்படிக்கை, 1874 என்று சொல்லிவிடுகிறார்கள். கூட்டு மலாய் மாநிலங்கள் 1896 என்பதும் மனப்பாடம். ஆனால் அந்த ஆட்சி ஒரு சாதாரணக் கடைக்காரரின் வாசலுக்கு எந்த உருவத்தில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே மௌனமாகிவிடும். பெரும்பாலானவர்கள் ரெசிடென்ட்டை நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் பார்த்தது கையில் குறிப்புப் புத்தகத்தோடு வந்து, "உன் கடை முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று சொன்ன ஓர் இன்ஸ்பெக்டரைத்தான். அவரை அனுப்பிய அமைப்பைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

கோலாலம்பூர் 1880இல் சிலாங்கூரின் தலைநகரானது. அப்போது அது ஒரு ஈயச் சுரங்கப் பட்டணம். அத்தாப்புக் கூரை, மரச் சுவர், நெருக்கியடித்த சந்துகள். 1881 ஜனவரியில் தீப்பிடித்து ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்தது. ஒரே வருஷத்தில் நெருப்பும் தண்ணீரும். 1882இல் ரெசிடென்ட்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதனால் செங்கல் சூளைகள் பெருகின. பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்டால் இங்கிருந்தே தொடங்கலாம்.

செங்கல் வீடு வந்துவிட்டால் போதுமா? வீட்டுக்கு முன்னால் சாலை வேண்டும், சாலை ஓரம் சாக்கடை வேண்டும், இரவில் விளக்கு வேண்டும், குப்பையை யாராவது அள்ள வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பாக 1890 மே 14ஆம் தேதி சானிட்டரி போர்டு அமைக்கப்பட்டது. தமிழில் சுகாதார வாரியம் என்று எழுதலாம். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சுகாதாரத்தோடு சாலைப் பராமரிப்பு, தெரு விளக்கு, கட்டட அனுமதி, சந்தை, லைசென்ஸ் எல்லாமே அதன் தலையில்தான் இருந்தன. இன்றைய கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் மூதாதை இதுதான்.

இதன் முதல் தலைவர் ஏ. ஆர். வென்னிங், சிலாங்கூரின் பொருளாளர். லேக் கார்டன் பூங்காவுக்கு 1888இல் யோசனை சொன்னவரும் அவரே. தொடக்ககால உறுப்பினர்களில் இரண்டு பெயர்களை நம் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கடைசி கப்பித்தான் சீனா யாப் குவான் செங். மற்றவர் கே. தம்புசாமி பிள்ளை. பத்துமலைக் கோயிலோடு மட்டுமே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் பிறந்து, வழக்கறிஞர் டேவிட்சனிடம் எழுத்தராக இருந்து, அவர் 1875இல் ரெசிடென்ட் ஆனபோது சிலாங்கூருக்கு உடன் வந்தவர் தம்புசாமி. சுரங்கம் நடத்தினார், விக்டோரியா கல்வி நிலையம் உருவாகத் துணைநின்றார், சாக்கடை பற்றிய கூட்டத்திலும் உட்கார்ந்தார்! கோயில் கட்டியதைச் சொல்லும் கட்டுரைகள் நிறைய உண்டு. இந்த மூன்றாவது வேலையைச் சொல்பவை குறைவு. எனக்கு என்னவோ அவருடைய பொது வாழ்வை அளக்க இதுதான் சரியான படி என்று தோன்றுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் யாரையும் ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அரசாங்கம் நியமித்தது. சீனர் சார்பில் ஒருவர், இந்தியர் சார்பில் ஒருவர் என்று அரசே முடிவு செய்துகொண்டது. இந்த விஷயம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இப்படிப்பட்ட வாரியத்தின் கூட்டம் எப்படி நடக்கும்? பெரிய விவாதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்படும். பிறகு வரவு செலவு. ரிக்‌ஷா, மாட்டு வண்டி, நாய், சந்தைக் கடை, அறுப்புக்கூடம் என்று லைசென்ஸ் விவகாரங்கள் வரும். வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி கேட்ட விண்ணப்பங்கள் வரும். கடைசியில் மனுக்கள். பக்கத்து வீட்டுப் பன்றிப் பட்டி நாறுகிறது, தெருமுனை விளக்கு எரியவில்லை, வீட்டு வரியை அதிகமாக மதிப்பிட்டுவிட்டார்கள், மாடுகள் தோட்டத்தில் மேய்கின்றன என்று காலனிக் காலத்து நகரங்கள் எல்லாவற்றிலும் புகார்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் விளக்கில்லாத முனையில் தினமும் நடந்து வீட்டுக்குப் போனவருக்கு அது சிரிப்பான விஷயமா என்ன?

மனுவின் மொழியையும் பாருங்கள். வாரியத்தின் வேலை ஆங்கிலத்தில் நடந்தது. கடைக்காரருக்கோ வண்டிக்காரருக்கோ ஆங்கிலம் தெரியாது. எனவே காசு கொடுத்து மனு எழுதுபவரிடம் போக வேண்டும். அவர் தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ கேட்ட ஆத்திரத்தை, தாழ்மையும் பணிவும் நிறைந்த ஆங்கிலமாக மாற்றிவிடுவார். ஆக, ஆவணத்தில் நாம் காணும் குரல் மனுதாரரின் குரல் அல்ல, ஒருமுறை வடிகட்டப்பட்ட குரல். மனு பணிவாக இருக்கிறது, ஆகவே மக்கள் ஆட்சியை விரும்பினார்கள் என்று மாணவர் எழுதினால், மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்காதீர்கள்.

மக்கள் எவ்வளவு பணிவாக இருந்தார்கள் என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு பதில் இருக்கிறது. நாம் அஞ்சடி என்றும் மலாயில் காக்கி லீமா என்றும் சொல்கிறோமே, கடை முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதை, அது 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே இடம்பெற்றது. எல்லோரும் நடக்க எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் கடைக்காரருக்கு அது கடையின் நீட்சி. சாக்கு மூட்டை அங்கே, தையல் மெஷின் அங்கே, சின்ன வியாபாரியின் தட்டும் அங்கே. 1887ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டம் கிடைத்த துணிச்சலில், 1888 பிப்ரவரியில் நகராண்மைக் கழகம் அஞ்சடியில் இருந்த பொருள்களை அகற்ற ஆரம்பித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, கல் பறந்தது, ஊர் சில நாள்கள் ஸ்தம்பித்தது. வராண்டா கலவரம் என்று வரலாற்றில் பெயர். முடிவில் யாருக்கு வெற்றி? ஆள் நடந்து போக இடம் விட்டால் சரி என்ற சமரசத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் பழைய கடைவீடுகள் உள்ள தெருவில் நடந்து பாருங்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்று தெரியும்.

கல்லெறியாமல் காகிதத்தால் வென்ற கதையும் அதே ஊரில் உண்டு. சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அருகே கிளிங் ஸ்திரீட் என்று ஒரு தெரு இருந்தது. கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பெயர், காலப்போக்கில் இந்தியரை இழிவாகக் குறிக்கும் சொல்லாக மாறிப்போனது. இந்தியச் சமூகம் இதை ஆட்சேபித்தது. 1920களின் தொடக்கத்தில் நகராண்மைக் கழகம் அதைச் சூலியா ஸ்திரீட் என்று மாற்றியது. ஒரு பெயர்ப்பலகைதானே என்று நினைக்கலாம். தினமும் அந்தத் தெருவில் கடை திறந்தவர், தன் விலாசத்தில் அந்தச் சொல்லை எழுத வேண்டியிருந்தவர், அப்படி நினைத்திருக்க மாட்டார்.

மாடுகள் விஷயமும் நமக்கு நெருக்கமானது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாட்டு வியாபாரம் செழித்திருந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரி பெலிலியோஸ் பெயரில் இன்னும் அங்கே ஒரு சாலை இருக்கிறது, பக்கத்திலேயே பஃபலோ ரோடு. மாடு வளர்ப்பும் பால் விற்பனையும் இந்தியருக்குப் பிழைப்பு, நகராண்மைக்கோ அது சாணம், ஈ, நாற்றம். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்ற புகாரும் சேர்ந்துகொள்ளும். நகரம் வளர வளர மாடுகளும் அவற்றோடு அந்தப் பிழைப்பும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டன. சுகாதாரம் முன்னேறியது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகும்போது, யாருடைய வருமானம் போனது என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மீண்டும் கோலாலம்பூர். வாரியத்தால் தீர்க்க முடியாத புகார் என்று ஒன்று இருந்தால் அது வெள்ளம்தான். சாக்கடையைச் சுத்தம் செய்யலாம், வாய்க்கால் வெட்டலாம். ஆனால் ஈயச் சுரங்கங்களிலிருந்து கழுவி விடப்பட்ட மணல் ஆற்றின் அடியை மேடாக்கிக்கொண்டே வந்தது. சுரங்கம் வாரியத்தின் எல்லைக்குள் இல்லை, அது வேறு இலாகா. ஊரின் எல்லையே சின்னது. 1895இல் 0.65 சதுர கிலோமீட்டர், 1903இல் 20 சதுர கிலோமீட்டர். தண்ணீருக்கு இந்தக் கோடெல்லாம் தெரியுமா? 1926இல் கோலாலம்பூர் மிக மோசமான வெள்ளத்தைக் கண்டது. வடக்கே கோலகுபுவில் நிலைமை இன்னும் கொடுமை. சுரங்க மணலும் வெள்ளமும் ஊரையே விழுங்கியதால், 1930 வாக்கில் கோலகுபு பாரு என்று வேறு இடத்தில் புதிதாக ஊர் அமைக்க வேண்டியதாயிற்று. புகாரைப் பெற்றுக்கொண்ட இலாகாவிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்த இலாகாவுக்கு ஈய வருமானம் பெரிது. தேர்வில் ஈயத் தொழிலின் விளைவுகள் என்று கேட்டால் பலரும் ரயில் பாதை, நகர வளர்ச்சி என்று நல்லதை மட்டும் எழுதுகிறார்கள். கோலகுபுவையும் சேர்த்து எழுதுங்கள்.

இதுவரை மனு கொடுத்தவர்களைப் பார்த்தோம். மனுவே கொடுக்காதவர்கள் யார்? அந்தச் சாக்கடையில் இறங்கியவர்கள். பொதுப்பணி இலாகா, ரயில்வே, நகராண்மை மூன்றிலும் தெருக் கூட்டவும் சாலை போடவும் வாய்க்கால் வெட்டவும் பெருமளவில் தென்னிந்தியத் தொழிலாளர்கள், அதிலும் தமிழர்கள், இருந்தார்கள். சிங்கப்பூரின் பழைய சாலைகளில் பல, 1873 வரை அங்கே வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகளின் உழைப்பு. வாரியக் குறிப்புகளில் இவர்கள் எண்ணிக்கையாக வருவார்கள், சம்பளப் பட்டியலாக வருவார்கள். தெரு சுத்தமாக இல்லை என்று வெள்ளைக்காரத் துரையோ தவுக்கேயோ புகார் செய்தால், கூட்டியவர் சரியாகக் கூட்டவில்லை என்ற வடிவில் வருவார்கள். குடியிருந்த லயத்துக்கு முன்னால் சாக்கடை எப்படி இருந்தது என்று அவர்கள் எழுதிய கடிதத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. மனு எழுதக் காசு வேண்டும், கங்காணியின் கோபத்தைத் தாங்கும் தைரியம் வேண்டும், வேலை போனால் தங்க இடம் வேண்டும். மூன்றும் இல்லை.

அவர்களைப் போன்ற தொழிலாளர்களின் குறைகள் பட்டியலாக வெளியே வந்த ஒரு தருணம், 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். அது தோட்டத்தில் நடந்தது, நகராண்மையில் அல்ல. ஆனாலும் கோரிக்கைகளைப் பாருங்களேன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, இவற்றோடு துரைமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை. மனுக்களில் வராத விஷயம் எப்படிப்பட்டது என்று அந்தச் சைக்கிள் கோரிக்கை ஒன்றே காட்டிக்கொடுக்கிறது.

நியமனம் என்று முன்பு சொன்னேனே, அதற்கு வருவோம். 1948இல் கோலாலம்பூர் நகராண்மை ஆனது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடந்தன. கோலாலம்பூரில் அம்னோவும் மசீசவும் கைகோத்து 12 இடங்களில் 9ஐ வென்றன. அந்தக் கூட்டணிதான் 1955 பொதுத்தேர்தலுக்கு வழிபோட்டது. இது உங்கள் பாடப்பகுதியிலேயே உண்டு. நாட்டின் பெரிய அரசியல் கூட்டணி, சாக்கடையையும் விளக்கையும் கவனிக்கிற மன்றத்துக்கான தேர்தலில் பிறந்தது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பிறகு 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன, 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உறுப்பினர்கள் மறுபடியும் நியமனம்தான். வென்னிங் காலத்துக்கும் இப்போதைக்கும் என்ன வேறுபாடு, என்ன ஒற்றுமை என்பது நல்ல உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி. படிவம் ஐந்து மாணவர்கள் இதற்கு இரு பக்கமும் வாதாட முடியும்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி. மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தன் தாமானில் உள்ள ஒரு குறையை நகராண்மைக் கழகத்துக்கு மனுவாக எழுதட்டும். அடுத்த வாரம் அதே குறையை, அந்த வேலையைச் செய்கிற துப்புரவுத் தொழிலாளியின் இடத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவற்றில் எது நூறு வருஷம் கழித்து ஆவணக் காப்பகத்தில் இருக்கும் என்று கேளுங்கள். ஒரு பாடவேளை போதாது, இரட்டைப் பாடவேளையாக வைத்துக்கொள்ளுங்கள்.