எல்லைக் கதியால்

ஒரு வேலியிடம் நாம் எதிர்பார்ப்பது மூன்று காரியங்கள். அதில் யாரும் ஏறிக் குதிக்கக் கூடாது. அதை வெட்டி நுழையக் கூடாது. இரவோடிரவாக யாராவது அதைத் தள்ளி வைத்தால் விடிந்ததும் அது தெரிந்துவிட வேண்டும். இன்று பாதுகாப்பு வேலி செய்பவர்கள் இந்த மூன்றுக்கும் இரும்பிலும் மின்சாரத்திலும் வழி தேடுகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கள் முன்னோர் பச்சைத் தடியையும் ஓலையையும் பனை மட்டையையும் வைத்தே இதைச் செய்திருந்தார்கள். நான் நில அளவையாளன். என் தொழிற்காலம் முழுவதும் வேலியோரமாக நடந்தே கழிந்தது. அந்த வேலியின் கதையை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

வேலியின் உயிர் கதியால்தான். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, வாதராணி, பிற்காலத்தில் சீமைக்கிளுவை என்று, வெட்டி நட்டால் தளிர்க்கும் மரங்களின் தடிகளைக் கதியாலாக மாரி தொடங்கும்போது எல்லை நெடுக நெருக்கமாக நடுவார்கள். மழையில் அவை வேர் பிடித்துவிடும். கோடையில் அவற்றின்மேல் கிடுகோ பனையோலையோ மட்டையோ வைத்து, குறுக்கே வரிச்சுத் தடி பிடித்துக் கட்டுவார்கள். இதைத்தான் வேலியடைப்பு என்போம்.

வேலியடைப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே நிற்பார், மற்றவர் வெளியே நிற்பார். உள்ளே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். முழ நீளத்துக்கு மேற்பட்ட, நுனி கூரான மரஊசி அது. வெளியே நிற்பவர் கயிற்றைக் கழற்றி, வரிச்சைச் சுற்றி, மறுபடி ஊசியில் கோத்துக் கொடுப்பார். ஊசி திரும்பி வரும், முடிச்சு இறுகும். ஒருவரையொருவர் காணாமலே, "குத்து", "இழு", "விடு" என்ற சத்தத்திலேயே வேலை நடக்கும். பல இடங்களில் வெளிப்பக்கம் நிற்பவர் அயல்வீட்டுக்காரராகவே இருப்பார். ஆகவே, வேலி எந்தக் கோட்டில் போகிறது என்பது இரு வீட்டாரும் பார்த்து ஒப்புக்கொண்ட சங்கதியாக இருந்தது. கிடுகும் ஓலையும் சில வருடங்களில் உக்கிவிடும். அப்போது திரும்பவும் அடைக்க வேண்டும், எல்லையும் திரும்பவும் ஒப்புக்கொள்ளப்படும். கழற்றிய ஓலை தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கப்படும்.

இந்த வேலியில் ஏறுவது கஷ்டம். முள்முருக்கு குத்தும். கருக்குமட்டையின் விளிம்பில் வாட்பல் போல வரிசையாக நிற்கும் கருக்கு கையைக் கிழிக்கும். கிடுகு ஆளின் பாரத்தைத் தாங்காமல் சரியும். காய்ந்த ஓலையில் முழங்கை பட்டாலே சரசரக்கும், சத்தம் கேட்டு நாய் குரைக்கும், வீட்டில் விளக்கு எரியும். வெட்டினாலோ வெட்டு வாய் பச்சையாகத் தெரியும், அதன் கீழே புதுத் தளிர் வரும். நெருப்பு ஒன்றுதான் இந்த வேலியின் பெரிய பலவீனம். வைகாசி வெயிலில் காய்ந்த ஓலையில் ஒரு பொறி விழுந்தால் ஒழுங்கை முழுவதும் பற்றிக்கொள்ளும்.

வேலியில் வாசல்களும் கணக்காகவே வைக்கப்பட்டன. தெருப்பக்கம் படலை. வசதியுள்ள வீடுகளில் கூரை போட்ட சங்கடப்படலை, அதன் நிழலில் வழிப்போக்கர் இருந்து இளைப்பாறலாம். மாடு புகாமல் ஆள் மட்டும் தாண்ட ஒரு கடப்பு. அயல்வீட்டுக்குப் போய்வர வேலிக்குள் ஒரு பொட்டு. கறிக்கு உப்பும் நெருப்புத் தணலும் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் கைமாறின. இதே வேலிதான் பெண்களை மறைத்தும் வைத்தது, ஊரைச் சாதிவாரியாகப் பிரித்தும் வைத்தது. வேலி அடைத்த கைகள் பலவற்றுக்கு அடைத்துக்கொள்ளச் சொந்தக் காணி இருக்கவில்லை. வேலியின் வரலாற்றை எழுதுபவர் இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

குடாநாட்டில் நிலம் சிறிது, பங்காளிகள் அதிகம். இங்கே காணியைப் பரப்பிலும் குழியிலும் அளப்போம். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 18 குழி. நூறடி நீளமான வேலியை ஒன்றரை அடி தள்ளி நட்டால் 150 சதுர அடி, ஏறக்குறைய ஒரு குழி, கைமாறிவிடும். ஒரு குழிக்காக அண்ணன் தம்பி பேச்சை விட்ட குடும்பங்களும், காணியின் விலைக்கு மேல் வழக்குச் செலவு செய்த குடும்பங்களும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. போர்த்துக்கேயர் காலத்துத் தோம்புகள் தொட்டுக் காணிகள் ஏட்டில் பதியப்பட்டு வந்தன. ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமை, எல்லையோர மரம் அயல்காணிக்குள் சாய்ந்தால் அதன் பலன் யாருக்கு என்பதையும் பேசுகிறது. 1806 இல் பிரித்தானியர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள்.

ஆனால் ஏட்டில் இருக்கும் எல்லையை மண்ணில் காட்டித் தந்தது கதியால். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். எல்லைத் தகராற்றில் நான் நம்பிய சாட்சி கதியாலின் பருமன். பழைய வேலியில் தடிகள் கணுக்கணுவாக முற்றி, முன்பு கட்டிய கயிற்றின் தழும்போடு நிற்கும். இடையில் ஒரு பகுதி மட்டும் வழுவழுப்பான இளந்தடிகளாக இருந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். உள்ளே இரண்டடி தள்ளி மண்வெட்டியால் கொத்தினால், அறுத்தெடுத்த பழைய அடிக்கட்டைகள் வரிசையாக அகப்படும். வேரோடு கிளப்பி எடுத்தாலும் சிவப்பு மண்ணில் குழியின் நிறம் வேறாகத் தெரியும். தன்மேல் கை வைத்ததைத் தானே சொல்லும் வேலியைச் செய்ய இன்று கம்பிக்குள் உணர்கருவி வைக்கிறார்கள். கிளுவை அதைத் தன் பட்டையில் செய்தது.

உலகத்தில் வேறு இடங்களிலும் முள்வேலிக்குப் பெரிய வேலை கொடுக்கப்பட்டதுண்டு. பிரித்தானியர் இந்தியாவில் உப்பு வரியைக் காப்பாற்ற, நாட்டின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு உயிர் முள்வேலி வளர்த்தார்கள். பின்னாளில் காங்கிரசைத் தோற்றுவித்த ஆலன் ஒக்ராவியன் ஹியூம் சுங்க ஆணையாளராக இருந்தபோது அதற்காக மண்ணையும் செடியையும் பரிசோதித்து உழைத்தார். 1879 இல் அந்தச் சுங்கக் கோடு கைவிடப்பட்டது. அதே பத்தாண்டில், 1874 இல், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஜோசப் கிளிடன் முட்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை வளர்த்தெடுக்க வருடங்கள் பிடித்த முள், அதன்பின் சுருளாகக் கடையில் கிடைத்தது.

அந்தச் சுருள் எங்கள் ஊருக்குப் பெருமளவில் வந்தது போரோடுதான். 1990 யூன் தொட்டு வலிகாமம் வடக்கு மக்கள் பலாலி, மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை என்று ஊர் ஊராக எழும்பினார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. காலியான காணிகளைச் சுற்றி இராணுவத்தின் மண் அணையும் முட்கம்பிச் சுருளும் வந்தன. அணைகளுக்கும் பதுங்கு குழிகளுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. கம்பியில் வெற்றுத் தகரப் பேணிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், யாராவது தொட்டால் கலகலக்க. காய்ந்த ஓலை செய்த வேலைதான் அது. ஊருக்குள் சுற்றிவளைப்பு நடந்த நாட்களில் பிள்ளைகள் பொட்டுக்குள்ளால் வளவுக்கு வளவு தாவித் தப்பினார்கள். தெருவில் கால் வைக்காமலே ஒரு ஊரைக் கடக்கலாம் என்பதை அந்தக் காலம் எங்களுக்குக் காட்டியது.

2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரச அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரித்தாளர்களை இனங்காண முடியவில்லை என்று அது சொன்னது. அந்த உரித்தாளர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பெயரோடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களுக்குப் பிறகு 2017 யூலையில் திரும்பக் கிடைத்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு காணியை அளக்கப் போயிருந்தேன். வீடும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. எல்லாம் புல்டோசர் மட்டமாக்கிய வெளி. உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த ஆச்சி சொன்னா:

"தம்பி, எங்கட கிணறு பங்குக் கிணறு. கிணத்தடியில நிண்டு பார்த்தா மேற்கு வேலி தெரியும்."

"வேலி என்ன கதியால் ஆச்சி?"

"பூவரசு. அவர்தான் நட்டவர்."

கிணற்றைப் பற்றைக்குள் கண்டுபிடித்தோம். அதன் மேற்கே, முட்செடிகளுக்கு அப்பால், நாலு பெரிய பூவரசுகள் ஒரே நேர்கோட்டில் நின்றன. காட்டில் தானாக முளைத்த மரம் அப்படி நூல் பிடித்தாற்போல நிற்காது. கிணற்றிலிருந்து அந்த வரிசை வரைக்கும் அளந்து பழைய பிளானோடு ஒப்பிட்டேன். பொருந்தியது. ஆச்சி போய் முதல் மரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த காணிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினா. அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போது ஊரெங்கும் சீமெந்துக் கல் மதில் எழும்புகிறது. வெளிநாட்டுக் காசு, அடைக்க ஆள் கிடையாமை, கிடுகின் விலை, கள்வர் பயம் எல்லாம் அதற்குக் காரணம். மதில் கட்டுபவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மதிலின் மேல் பதித்த போத்தில் ஓட்டின்மேல் ஒரு சாக்கைப் போட்டால் ஆள் ஏறிவிடலாம். மதிலுக்குப் பின்னால் நடப்பது அயலவருக்குத் தெரியாது. யாழ்ப்பாணக் கோட்டையைவிடப் பலமான மதில் குடாநாட்டில் எழுந்ததில்லை. 1795 இல் அது ஒரு வெடிகூட வெடிக்காமல் பிரித்தானியர் கைக்குப் போனது. உள்ளே இருந்தவர்கள் அதற்காகப் போராட முன்வரவில்லை. மதில் எவ்வளவு உயர்ந்தாலும், காவல் காக்கும் ஆட்களின் மனதைப் பொறுத்ததுதான் அதன் பலம்.

ஆகவே காணி வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மதில் கட்ட முன் அயலவரைக் கூப்பிட்டு நூல் பிடியுங்கள். மூலைகளில் எல்லைக்கல் நாட்டி, அளவைப் பிளானை உறுதியோடு சேர்த்துப் பதியுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களிடம் எந்தக் கதியாலை யார் நட்டார் என்று கேட்டு எழுதி வையுங்கள். மதிலுக்கு உள்ளேயாவது நாலு பூவரசங்கதியால் நட்டு வையுங்கள். ஆட்டுக்குக் குழையும் முற்றத்துக்கு நிழலும் கிடைக்கும், பிள்ளைகள் என்றாவது திரும்பி வந்து நின்றால் எல்லையையும் அது காட்டும்.