பாதிரியாரின் இஞ்ஜினும் ஒரு டம்ளர் வெந்நீரும்

போன மே மாசம் பரோடாவில் எங்கள் வீட்டு சமையல் மேடையில் எனக்கு ஒரு அவமானம் நடந்தது. இரண்டு அலுமினியத் தட்டு, நடுவில் ஏறி இறங்க ஒரு தெர்மாகோல் வட்டு, பலூன் ரப்பர், சக்கரத்துக்குப் பழைய சிடி. பையனும் நானும் மூணு வாரம் உட்கார்ந்து செய்த ஸ்டிர்லிங் இஞ்ஜின். வெந்நீர் டம்ளர் மேல் வைத்து சக்கரத்தைச் சுண்டினேன். நாலு சுற்று, அவ்வளவுதான். "இதுக்கா என் டப்பா மூடியை வெட்டினீங்க?" என்று கேட்டார் தங்கமணி.

பையனோ விடவில்லை. "உங்க ஃபேக்டரியில சுடுதண்ணி சும்மா போகுதுன்னு சொன்னீங்களே, அதுல கரண்ட் எடுக்கலாமாப்பா?" சரி என்று வாய் விட்டிருந்தேன். அதனால் இதன் கதையைத் தோண்டினேன்.

ராபர்ட் ஸ்டிர்லிங் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1816ல் காப்புரிமை வாங்கினார். பாய்லர் வெடித்து ஆட்கள் சாவதைப் பார்த்துத்தான் செய்தார் என்று சொல்வார்கள். ஆனால் அந்தக் காப்புரிமையின் உயிர் வேறு: எரிபொருள் மிச்சம். உள்ளே அடைபட்ட அதே காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். சூடான பக்கத்திலிருந்து போகும்போது வழியில் சூட்டை வைத்துவிட்டுப் போய், திரும்பும்போது எடுத்துக்கொள்ளும். வீணாகும் சூட்டைப் பிடிப்பதுதான் அதன் பிறவிக்குணம்!

1843ல் தம்பி ஜேம்ஸ், டண்டீ வார்ப்பாலையில் ஒரு நீராவி இஞ்ஜினை இந்த முறைக்கு மாற்றினார். அடுப்புப் பக்கத்து இரும்பு சூடு தாங்காமல் திரும்பத் திரும்பப் பழுதானது. 1847ல் கைவிட்டார்கள். பெஸ்ஸமரின் உருக்கு அன்றே கிடைத்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று 1876ல், தள்ளாத வயதில், எழுதினார் ராபர்ட். படித்ததும் மனசு கனத்தது.

இருந்தாலும் சாகவில்லை. கரண்ட் வராத காலத்தில் நம் நாட்டு பங்களாக்களில் மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டில் சுற்றிய விசிறிகள் இந்த ஜாதிதான். 1980களில் சென்னையில் நெல் உமியில் ஓடும் ஸ்டிர்லிங் இஞ்ஜின்கூட தயாரித்தார்கள்.

எல்லாரும் அதிகச் சூட்டைத் தேடியபோது, ஸாக்ரெப் பேராசிரியர் ஈவோ கோலின் எதிர்த்திசையில் போனார். 1983ல் வெறும் வெந்நீரில் ஓட்டிக் காட்டினார். பிறகு அமெரிக்காவில் ஜேம்ஸ் செஃப்ட், அரை டிகிரி வித்தியாசத்திலேயே ஓடும் ஒன்றைச் செய்தார்.

வித்தியாசம்! அங்கேதான் என் மண்டையில் உறைத்தது. நான் சூட்டை மட்டுமே பார்த்தேன், குளிரை மறந்துவிட்டேன். 70 டிகிரி வெந்நீர், 40 டிகிரி அறை என்றால், கார்னோ கணக்குப்படி எந்த இஞ்ஜினும் 9 சதவீதத்தைத் தாண்ட முடியாது. 15 டிகிரிக் குளிர் என்றால் 16 சதவீதம். நிஜத்தில் கிடைப்பது இதில் ஒரு பங்குதான். வீட்டில் செய்ததில் அதையும் கம்பித் துளையின் கசிவும் உராய்வும் தின்றுவிடும்.

ஜனவரியில் ஒரு விடிகாலை. துளையைச் சரிசெய்து, கம்பிக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டோம். அதே டம்ளர், அதே வெந்நீர். டிக் டிக்கென்று இருபது நிமிஷம் ஓடியது. தங்கமணி காபியோடு வந்து நின்று பார்த்தார். மூடியைப் பற்றிப் பேச்சே இல்லை :-)

பையனிடம் உண்மையைச் சொன்னேன்: "அந்தத் தண்ணியில கரண்ட் கொஞ்சம்தான்டா வரும். பாய்லருக்குப் போற தண்ணியை அதுல முதல்ல சூடேத்தினா லாபம் அதிகம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அதைத்தானேப்பா அந்தப் பாதிரியாரும் செஞ்சார்?"

அதைத்தான்டா.