காயமும் காரணமும்

மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவர் லாரியில் மோதித் தொடையெலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருகின்றார். எலும்பு எவ்விடத்தில் முறிந்தது என்பதே டாக்டருக்கு முதலில் வேண்டுவது. எவ்வாறு முறிந்தது என்பது சிகிச்சைக்கு அத்துணை வேண்டப்படுவதன்று. ஆயினும் பிற்காலத்தில் பல உயிர்களைக் காத்தது இவ்விரண்டாம் செய்தியே என்பதை வரலாறு காட்டும்.

1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், 'அரேபிய லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் விரைந்தபோது, சைக்கிளில் சென்ற இரு சிறுவர்க்கு விலகப்போய்த் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் கழித்து உயிர் பிரிந்தது. அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர்.

பின்னர்ப் போர் மூண்டது. போருக்கு முந்திய 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்று மாண்டோர் 1,884 பேர். போரின் முதல் 21 மாதங்களில் அத்தொகை 2,279 ஆயிற்று. இவ்வெண்களைக் காட்டி, தலைக்காயமே சாவுக்குப் பெருங்காரணம் என்று 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கெய்ர்ன்ஸ் எழுதினார். அவர் கண்டவருள் தலைக்கவசம் அணிந்து அடிபட்டோர் எழுவரே, எழுவரும் பிழைத்தனர். ஏழு என்பது சிறிய எண்தான். புள்ளிவிவரம் வல்லார் தயங்குவர். ஆனால் அணிந்திருந்தாரா இல்லையா என்பதை ஒருவர் கேட்டு எழுதிவைத்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் தரைப்படை தன் மோட்டார் சைக்கிள் வீரர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. அந்நாட்டுப் பொதுமக்களுக்கு அச்சட்டம் வர 1973 ஆயிற்று; மலேசியாவிலும் அதே ஆண்டுதான்.

ஒருவர் எழுதிய குறிப்பே இவ்வளவு செய்யுமாயின், எல்லா மருத்துவமனைகளின் குறிப்புகளும் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு செய்யும்! அவை ஒன்றுசேரப் பொதுவான குறியீடு வேண்டும். பிரெஞ்சு அறிஞர் ஜாக் பெர்த்தியோன் 1893இல் சிகாகோவில் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலே அதற்கு வித்து. உலகச் சுகாதார நிறுவனம் 1948இல் ஏற்ற ஆறாம் திருத்தத்தில் விபத்துக்கு இரு வரிசைகள் அமைந்தன: காயத்தின் தன்மைக்கு 'என்', புறக்காரணத்துக்கு 'இ'. 1990இல் ஒப்புதல் பெற்றது பத்தாம் திருத்தம். பதினோராவது 2022இல் நடைமுறைக்கு வந்திருப்பினும் பல நாடுகள் இன்னும் பத்தாவதையே கையாளுகின்றன. அதன்படி மேற்சொன்னவரின் தொடையெலும்புத் தண்டு முறிவு எஸ் 72.3, பொதுச் சாலையில் அவர் ஓட்டிச்சென்று லாரியில் மோதியது வி 24.4. பின்னால் அமர்ந்து வந்தவராயின் வி 24.5.

டாக்டர் 'மோட்டார் சைக்கிள், சாலை விபத்து' என்று மட்டும் எழுதிவிட்டால், குறியீடு பதியும் கிராணி என் செய்வார்? ஊகித்து எழுத அவருக்கு உரிமையில்லை. விவரம் அறியப்படாதவற்றுக்குரிய வி 29.9இல் சேர்த்துவிடுவார். அவ்வெண்ணுக்குள் போனபின், மோதியது லாரியா மரமா, அடிபட்டவர் ஓட்டியவரா உடன் வந்தவரா என்பது எவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. வி 20 முதல் வி 29 வரை எந்த எண்ணிலும், அடிபட்டவர் தலைக்கவசம் அணிந்திருந்தாரா என்பதற்கு இடமே இல்லை. கெய்ர்ன்ஸ் கேட்ட கேள்வியோ அதுதான்! அதற்கு விடை, முதலில் பார்த்த டாக்டரின் குறிப்பில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.